டிவி பாட்டுப் போட்டி: என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

கரூரில் ஒரு மெல்லிசை வகுப்பு நடத்துகிறேன். மாடி ஹால், ஒரு பழைய கீபோர்டு, சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், அவ்வளவுதான் சொத்து. என்னிடம் படித்த பிள்ளைகளில் இரண்டு பேர் டிவி மேடை வரை போனார்கள். ஆடிஷன் வரிசையோடு திரும்பியவர்களை நான் எண்ணவில்லை. அந்த இரண்டு பேருக்கும் துணையாகப் போய் வந்ததிலிருந்து டீக்கடையில், கல்யாணப் பந்தியில், பஸ்ஸில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

விஜய் டிவியின் சூப்பர் சிங்கர், ஜீ தமிழின் சரிகமப மாதிரியான நிகழ்ச்சிகள்தான் மனதில் இருக்கின்றன. சீசனுக்குச் சீசன் விதி மாறும், அடிப்படை மாறாது. நான் எந்தச் சேனலிலும் சம்பளம் வாங்கியவன் இல்லை.

சூப்பர் சிங்கர்தானே மாஸ்டர் முதல்ல வந்தது?

இல்லை. தொண்ணூறுகளிலேயே சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள் இருந்தது. இந்தியில் ஜீ டிவி 1995-ல் சரிகம தொடங்கியது, தொகுத்து வழங்கியவர் சோனு நிகம். தெலுங்கில் 1996 முதல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் 'பாடுதா தீயகா' நடத்தினார். அவற்றில் பாடினார்கள், நடுவர் சொன்னார், முடிந்தது.

நேயர் ஓட்டு, வாராவாரம் ஒருவர் வெளியேறுவது என்கிற அமைப்பைப் பிரபலமாக்கியது 2001-ல் பிரிட்டனில் வந்த பாப் ஐடல். அடுத்த வருடமே அது அமெரிக்கா போனது, 2004-ல் இந்தியன் ஐடலாக இங்கே வந்தது. விஜய் டிவி 2006-ல் சூப்பர் சிங்கரை ஆரம்பித்தது, முதல் பட்டம் நிகில் மேத்யூவுக்கு. அடுத்த ஆண்டு ஜூனியர் வந்தது. பழைய போட்டியில் பிள்ளை பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். இப்போது அது பல மாதம் நம் வீட்டு ஹாலிலேயே குடியிருக்கிறது. மீதிக் கேள்விகள் முக்கால்வாசி இந்த ஒரு மாற்றத்தில் முளைத்தவைதான்.

ஆடிஷன்ல நேரா சித்ராம்மா முன்னாடி போய்ப் பாடணுமா?

பாட முடியாது. டிவியில் காட்டும் ஆடிஷன் மூன்றாவது அல்லது நான்காவது வடிகட்டல். முதலில் நடப்பதை கிரவுண்ட் ஆடிஷன் என்பார்கள். ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ வகுப்பறை வகுப்பறையாகப் பிரித்து, அறைக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு முகம் தெரியாத இசைக்காரர் ஒருவர், நிகழ்ச்சிக் குழுவிலிருந்து ஒருவர். இப்போது பல சேனல்கள் இந்த முதல் கட்டத்தை மொபைலில் எடுத்து அனுப்பும் வீடியோவிலேயே முடித்துக்கொள்கின்றன.

திருச்சிக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். ஏழு மணிக்கே வாசலைத் தாண்டி வரிசை. சட்டையில் நம்பர் ஸ்டிக்கர், கையில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பையில் தயிர் சாதம். அவள் முறை வந்தது மதியம் இரண்டரைக்கு. உள்ளே இருந்தது ஒரு நிமிடம்கூட இல்லை. பல்லவி முடிந்ததும் நிறுத்தினார்கள். "வேற டைப்ல ஒண்ணு" என்றார்கள், அதிலும் நாலு வரி. அவ்வளவுதான். ஏழரை மணி நேரத்தில் தொண்டை வறண்டு, தூக்கம் சொக்கி, காலையில் சாப்பிட்ட இட்லியோடு அந்த ஒரு நிமிடத்தைப் பாட வேண்டும். முதல் சோதனை அதுதான்.

ஒருத்தர் சேனல்ல ஆள் தெரியும், இருபதாயிரம் குடுத்தா நேரா செலக்‌ஷன்கிறாரே?

கொடுக்காதீர்கள். பெரிய சேனல்கள் ஆடிஷனுக்குப் பணம் வாங்குவதில்லை. "எங்கள் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்" என்று அவர்களே அறிவிப்பும் போடுகிறார்கள். ஜிபே நம்பர் அனுப்பினால் அந்த எண்ணை போலீஸில் கொடுங்கள்.

எந்தப் பாட்டு பாடினா செலக்ட் ஆகும்?

இதைக் கேட்பவர்கள் ஒரு பாட்டின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: பிள்ளையின் கட்டை, அதாவது குரலுக்குப் பொருந்தும் ஸ்ருதி, என்ன? பாதிப் பேருக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டை, வளர்ந்த ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. இது தெரியாமல், ரெக்கார்டில் எந்த ஸ்ருதியில் இருக்கிறதோ அதிலேயே பாடிப் பழகிவிட்டு, ஆடிஷன் அறையில் தம்புராவும் இல்லாமல் பதற்றத்தில் முக்கால் கட்டை ஏற்றி எடுத்துவிடுவார்கள். பல்லவியில் ஒன்றும் தெரியாது. சரணத்தில் குரல் மேலே போகும்போது பல்லிளித்துவிடும். திருச்சிப் பெண்ணும் அப்படித்தான் ஏற்றி எடுத்தாள். பல்லவியோடு நிறுத்தியதால் தப்பித்தாள்.

அதனால் என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அறைக்குள் போகும் முன் மொபைலில் தம்புரா ஆப்பைத் திறந்து காதில் வைத்து, தன் 'ச'-வை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். யாராவது வணக்கம் சொன்னால்கூடத் தலையாட்டினால் போதும்.

பாட்டைப் பொறுத்தவரை, ஒரே பாட்டை நூறு பேர் பாடும் நாளில் நூற்றியோராவது ஆளாக நிற்காதீர்கள். அந்த மாதம் ஹிட் ஆன பாட்டைக் கேட்டுக் கேட்டு அறைக்குள் இருப்பவர்களுக்குக் காது புளித்திருக்கும். முதல் பத்து விநாடியில் குரல் தெரிகிற பல்லவி வேண்டும். நீண்ட முன்னிசைக்குப் பிறகுதான் அழகு வரும் பாட்டு, வாத்தியமே இல்லாத அறையில் எடுபடாது. மூன்று பாட்டு தயாராக இருக்கட்டும்: ஒரு மெலடி, ஒரு தாளக்கட்டான குத்துப்பாட்டு, ஒரு பழைய பாட்டு. "வேற டைப்ல ஒண்ணு" கட்டாயம் வரும்.

கர்நாடக சங்கீதம் கத்துக்காட்டி சான்ஸே இல்லையா?

2018-ல் சூப்பர் சிங்கர் பட்டம் வென்ற செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாடகர். கேள்விக்கு இதுவே பதில்.

ஆனால் ஒரு விஷயம். ஐந்தாவது வாரம் ராகத்தை அடிப்படையாகக் கொண்ட பாட்டு, ஏழாவது வாரம் மேற்கத்திய பாணி, நடுவில் கிராமியச் சுற்று, எம்.எஸ்.வி. சுற்று என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரு புதுப் பாட்டை மூன்று நாளில் சங்கதியோடு, அதாவது மெட்டின் நெளிவு சுளிவோடு, பிடிக்க வேண்டும். சரளி வரிசை, அலங்காரம் என்று கர்நாடக சங்கீத ஆரம்பப் பாடம் போட்ட பிள்ளைக்கு அது கொஞ்சம் சீக்கிரம் வரும். வராவிட்டால் கேட்டே பிடிக்கும் காது இருக்க வேண்டும்.

டிவியில கேட்டா நல்லாத்தான் இருந்துச்சு, ஜட்ஜ் ஏன் குறை சொன்னாங்க?

நீங்கள் கேட்டதும் நடுவர் கேட்டதும் ஒன்று இல்லை. அவர் அரங்கில் மைக்கிலிருந்து வருவதை அப்படியே கேட்கிறார். நமக்கு வருவது, ஒவ்வொரு வாத்தியத்தையும் குரலையும் தனித்தனி டிராக்காகப் பதிந்து, பிறகு ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்து, எதிரொலி சேர்த்து, ஏற்ற இறக்கம் சமப்படுத்தியது. கூடவே ஒரு சரணம் வெட்டுப்பட்டிருக்கலாம். சறுக்கிய இடம் அந்தச் சரணத்திலேயே போயிருக்கலாம்.

கருத்தும் அப்படித்தான். அரங்கில் ஐந்து நிமிடம் பேசியது டிவியில் முக்கால் நிமிடம் வரும். குழந்தைகளிடம் நடுவர்கள் எப்போதும் "ரொம்ப அழகா பாடினே கண்ணா" என்றுதான் தொடங்குவார்கள். அதை எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. "ஆனா" என்று ஒரு சொல் வரும், அதற்குப் பிறகு வருவதுதான் மதிப்பெண். பெரும்பாலும் நாலு விஷயம்: ஸ்ருதி விலகல், மூச்சு தவறான இடத்தில் எடுப்பது, ழகர லகரம், பாட்டின் அர்த்தம் தெரியாமல் சிரித்துக்கொண்டே சோகப் பாட்டு பாடுவது.

ஆட்டோ டியூன் போட்டுத்தானே ஒளிபரப்புறாங்க?

ஸ்ருதியைத் திருத்தும் மென்பொருள் 1997-லிருந்து இருக்கிறது. மேலே சொன்ன மாதிரி டிராக் தனித்தனியாக இருந்தால், பிறகு திருத்துவது தொழில்நுட்ப ரீதியில் சுலபம். பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் 2010-ல் ஆடிஷன் காட்சிகளில் குரலைத் திருத்தியதை ஒப்புக்கொண்டு, பெரிய சண்டையாகி, அதோடு நிறுத்தினார்கள். இங்கே எந்த வாரம் எவ்வளவு என்று வெளியில் இருந்து யாரும் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் உறுதி. அது ஒளிபரப்புக்கு அழகு சேர்க்கும், போட்டியின் முடிவை மாற்றாது. தீர்ப்பு சொல்பவர் கேட்டது திருத்தாத குரலை. ஓட்டு இருக்கும் சுற்றில் மட்டும் இந்தச் சந்தேகத்துக்கு அர்த்தம் உண்டு. நேரலையில் நடக்கும் ஃபைனலை உன்னிப்பாகக் கேளுங்கள், யார் நிஜத்தில் எப்படி என்று தெரிந்துவிடும்.

பின்னாடி வாசிக்கிறவங்க நிஜமாவே வாசிக்கிறாங்களா, சும்மா ஆக்‌ஷனா?

வாசிக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரால் நாற்பது வயலின் கொண்ட பாட்டைக் கொண்டுவர முடியாதல்லவா, அதை கீபோர்டிலும் முன்பே பதிந்த சீக்வென்ஸிலும் ஈடுகட்டுவார்கள். அதனால் பாடுபவர் காதுக்குள் டக் டக் என்று கிளிக் ஓடும். ஊர்க் கச்சேரியில் தபேலாக்காரரைப் பார்த்துப் பாடிப் பழகிய பிள்ளை முதல் ஒத்திகையில் தடுமாறுவது இங்கேதான். வீட்டில் மெட்ரோனோமோடு (சீராகத் தாளம் தட்டும் கருவி) பழகுங்கள்.

சனி ஞாயிறு போடுறதுக்கு சனி ஞாயிறுதான் ஷூட்டிங்கா?

கிடையாது. இரண்டு வாரத்து நிகழ்ச்சியை அடுத்தடுத்த நாட்களில் எடுத்து வைப்பது சாதாரணம். நடுவருக்குக் கச்சேரி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் இருக்கும், அவர் தேதி கிடைக்கும்போது மொத்தமாக எடுப்பார்கள். முந்தைய நாட்களில் ஒத்திகை, ஸ்கேல் (பாடும் கட்டை) முடிவு செய்வது, பயிற்சியாளரிடம் உட்காருவது. சூப்பர் சிங்கரில் ஆனந்த் வைத்தியநாதன் மாதிரி குரல் பயிற்சியாளர்கள் நடுவர்களுக்குச் சமமாகப் பிரபலமானது இதனால்தான்.

ஷூட்டிங் தளத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது குளிர். அத்தனை விளக்குக்கும் சேர்த்து ஏசியை முழுதாகத் திறந்துவிட்டிருப்பார்கள். பிள்ளையின் ஜரிகைப் பாவாடைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அவள் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா அதை உருவுவார், பாடி முடித்ததும் திரும்பப் போர்த்துவார். பாட்டுகளுக்கு நடுவே ஒருவர் வந்து, "எல்லாரும் எழுந்து நின்னு ஒரு தடவை கைதட்டுங்க" என்றார். தட்டினோம். யாரும் பாடியிருக்கவில்லை. அந்தக் கைதட்டல் எந்த வாரம் யாருக்குப் போனதோ தெரியாது.

அந்த அழுகை எல்லாம் ஸ்கிரிப்ட்டுதானே மாஸ்டர்?

அழச் சொல்லி யாரும் வசனம் எழுதிக் கொடுத்து நான் பார்க்கவில்லை. அழுகை வரும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஊரிலிருந்து பாட்டியைச் சொல்லாமல் அழைத்து வந்து திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, "யாரை ரொம்ப மிஸ் பண்றே?" என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கண்ணீர் நிஜம். ஏற்பாடு அவர்களுடையது.

என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குக் குறும்படம் எடுக்க வந்தார்கள். எந்தச் சேனல் என்று எழுதப் போவதில்லை. அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெள்ளை வேட்டியில் இருந்தவரை, கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அம்மாவிடம், "பொண்ணுக்காக நகையை அடகு வெச்சதைச் சொல்லுங்க" என்றார்கள். அவர் சொன்னார், கூடவே ஆறு மாதத்தில் மீட்டுவிட்டதையும் சொன்னார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒளிபரப்பில் வயலின் பின்னணியில் முதல் பாதி மட்டும் வந்தது. மறுநாள் மளிகைக் கடைக்காரர், "பாக்கி மெதுவாக் குடுங்கம்மா" என்றாராம். அந்தக் கடையில் அவர்களுக்குப் பாக்கியே கிடையாது.

எதைச் சொல்ல விருப்பமில்லையோ அதைக் கேமரா ஓடாதபோதுகூடச் சொல்லாதீர்கள். பாதி சொன்னால் பாதி வராது, அவர்களுக்கு வேண்டிய பாதிதான் வரும்.

சின்னப் பிள்ளைங்களை ராத்திரி ஒரு மணி வரைக்கும் வெச்சிருக்கலாமா? கேக்க ஆள் இல்லையா?

கேட்கச் சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கலைஞராகப் பங்கேற்பதற்கு விலக்கு கொடுத்தார்கள், 2017 விதிகளில் அதற்கு வரம்பும் போட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளை சம்பாதித்ததில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கி வைப்பில் போக வேண்டும்.

நடைமுறையில் "காத்திருந்த நேரம் வேலை நேரமா?" என்று வாதம் வரும். பிள்ளையின் முறை எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு, நேரம் தாண்டும்போது பொறுப்பாளரிடம் போய் நிற்கும் தைரியம் பெற்றவருக்கு வேண்டும். "கேட்டால் எலிமினேட் பண்ணிடுவாங்களோ" என்று பயந்துதான் பலரும் வாய் திறப்பதில்லை. நான் என் மாணவிக்காகக் கேட்டேன். அந்த வாரம் அவள் வெளியேறவில்லை.

வெளியே போனவங்களை வைல்ட் கார்டுன்னு திரும்பக் கூட்டிட்டு வராங்களே, அப்ப எலிமினேஷனுக்கு என்ன அர்த்தம்?

நல்ல கேள்வி, பாடகர்களே புலம்பும் கேள்வி. ஒரு காரணம் நியாயமானது. காய்ச்சலில் ஒரு வாரம் சறுக்கியவருக்கு இன்னொரு வாய்ப்பு. இன்னொரு காரணம் வியாபாரம். நன்றாகப் பாடிய, ரசிகர்கள் சேர்ந்துவிட்ட ஒருவர் போய்விட்டால் பார்வையாளரும் போய்விடுவார்கள். வைல்ட் கார்டில் திரும்பி வந்து பட்டமே வென்றவர்களும் உண்டு. முன்பே ஃபைனலுக்குத் தகுதி பெற்று, மாதக்கணக்கில் உழைத்தவருக்கு அப்போது வரும் கசப்பும் நியாயம்தான். என் கட்சி அப்படி உழைத்தவர் பக்கம்.

"முடிவு பிரேக்குக்குப் பிறகு" என்று இழுப்பதும் இதே கணக்குதான். மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் வரை விளம்பரம் போட விதி அனுமதிக்கிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நீங்கள் எழுந்து போகாமல் இருக்க ஏதாவது வேண்டும்.

ஓட்டை நிஜமாவே எண்ணுறாங்களா? முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்களே?

முன்பு எஸ்.எம்.எஸ்., இப்போது பெரும்பாலும் ஆப். ஒரு ஆள் எத்தனை ஓட்டுப் போடலாம், நடுவர் மதிப்பெண்ணும் சேருமா என்பது ஒவ்வொரு சீசனிலும் மாறும். ஃபைனலில் திரையில் சிறு எழுத்தில் ஓடும் விதிகளை யாரும் படிப்பதில்லை. அதைப் படித்தால் பாதிச் சண்டை தீரும்.

தில்லுமுல்லு நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் நேயர் ஓட்டை மதிக்காமல் முடிவெடுத்தது உட்பட பல குளறுபடிகளுக்காக ஐ.டி.வி. தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 2008-ல் 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டார்கள். அதில் ஒரு பாட்டுப் போட்டியும் அடக்கம். இந்தியாவில் எஸ்.எம்.எஸ். கட்டணமே வழக்காகியிருக்கிறது. வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றின் நேயர் போட்டியில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 2 ரூபாய் 40 காசு வாங்கி, அதிலிருந்தே பரிசு கொடுத்தார்கள் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஒரு கோடி ரூபாய் விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆனால் ஊரில் சொல்லும் "முன்பே முடிவு" என்பதில் பாதி, ஓட்டின் இயல்பைப் புரிந்துகொள்ளாத கோபம். ஓட்டு யார் நன்றாகப் பாடினார் என்பதற்கு விழுவதில்லை. யாருக்காக விரலை அசைக்க மனது வருகிறதோ அவருக்கு விழுகிறது. ஊர், சாதி, பள்ளிக்கூடம், வெளிநாட்டுச் சங்கம், பிள்ளையின் சிரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. முன்பு சொன்ன நகை அடகுக் குறும்படத்தை எதற்காக எடுக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

ஏற்கெனவே சினிமாவில் பாடினவர் எப்படிப் போட்டியில வரலாம்?

2016-ல் பட்டம் வென்ற ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் அதற்கு முன்பே படங்களில் பாடியவர் என்று தெரிந்ததும் எழுந்த சண்டையைத்தான் இன்னும் கேட்கிறார்கள். விதியில் தடை இல்லையென்றால் தவறு அவர் மேல் இல்லை. அதை முதல் வாரமே பார்வையாளருக்குச் சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை என்பது என் எண்ணம்.

கனடா, இலங்கைப் பிள்ளைங்க எல்லாம் எப்படி வராங்க?

விதி அனுமதிப்பதால் வருகிறார்கள். சேனலுக்கு அங்கேயும் சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். 2015-ல் சூப்பர் சிங்கர் ஜூனியரில் கனடாவிலிருந்து வந்த ஈழத்துப் பெண் ஜெசிக்கா இரண்டாம் இடம் பிடித்து, பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக மேடையிலேயே அறிவித்தார். 2023 டிசம்பரில் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை வென்ற கில்மிஷா யாழ்ப்பாணத்துச் சிறுமி. செலவுதான் பெரிய தடை. மாதக்கணக்கில் சென்னையில் தங்க ஒரு பெற்றவர் வேலையை விட வேண்டியிருக்கும். கரூர்க்காரர்களுக்கும் அது பொருந்தும்.

ஐம்பது லட்சத்துக்கு வீடுன்னு சொல்றாங்க. சாவியைக் கையில குடுத்துடுவாங்களா?

மேடையில் கொடுப்பது அட்டையில் செய்த பெரிய சாவி. நிஜச் சாவிக்கு முன் வருமான வரி இருக்கிறது. டிவி போட்டிப் பரிசை லாட்டரிப் பரிசோடு ஒரே வகையில் வைத்திருக்கிறார்கள். 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். வழக்கமான வரிவிலக்கு வரம்பு எதுவும் இதற்குப் பொருந்தாது. ஐம்பது லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 15 லட்சத்து 60 ஆயிரம். தொகை ஐம்பது லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். பணப் பரிசு என்றால் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வீடு, கார் மாதிரிப் பொருளாக இருந்தால் வரி கட்டிய பிறகுதான் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். சில சமயம் ஸ்பான்ஸரே கட்டுவார். "வரி யார் கட்டுவது?" என்று ஒப்பந்தத்திலேயே கேட்டுவிடுங்கள். பத்திரப் பதிவுச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

அக்ரிமென்ட்ல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாமா?

எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கும், பக்கத்தில் ஒருவர் பேனாவோடு நிற்பார். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். பார்க்க வேண்டியவை: நிகழ்ச்சி முடிந்து எத்தனை மாதம் வேறு சேனலில் பாடக் கூடாது, அந்தக் காலத்தில் வரும் கச்சேரிப் பணத்தில் சேனலுக்குப் பங்கு உண்டா, பிள்ளையின் காட்சிகளை எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள், தங்கும் செலவு, உடைச் செலவு யாருடையது. கோயில் திருவிழாக் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தால் முன்பே எழுதிக் கொடுங்கள். என் மாணவன் மாசித் திருவிழாவுக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ரகசியம் காப்பது பற்றியும் ஒரு பத்தி இருக்கும். ஒளிபரப்புக்கு முன் முடிவை வெளியே சொன்னால் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று.

எங்க பொண்ணு பாடினது மட்டும் யூடியூப்ல இல்லையே, ஏன்?

பாட்டின் உரிமைதான் காரணமாக இருக்கும். ஒரு சினிமாப் பாட்டில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஆடியோ நிறுவனம் என்று பலருக்கு உரிமை உண்டு. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி உரிமையை உறுதியாக்கியது. 2017-ல் இளையராஜா எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பினார் என்றால் இது எவ்வளவு கூர்மையான விவகாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிவியில் ஒளிபரப்ப வாங்கிய அனுமதி, இணையத்தில் நிரந்தரமாக வைத்திருக்கப் போதாமல் போகலாம். சில சமயம் வாராவாரப் பாட்டுப் பட்டியலே இதனால் சுருங்கும். ஒளிபரப்பாகும்போது வீட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயிச்சா சினிமாவில பாட வைப்பாங்கதானே?

ஒரு பாட்டு கிடைக்கலாம், பரிசிலேயே அது அடக்கமாக இருக்கும். அதற்குப் பிறகு யாரும் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. மறுபக்கம், 2005-ல் ஃபேம் குருகுல் என்ற இந்திப் பாட்டுப் போட்டியில் தோற்று வெளியேறியவர் அரிஜித் சிங். சூப்பர் சிங்கர் மூன்றாவது சீசனில் பட்டத்தைத் தவறவிட்ட சத்யபிரகாஷ் நிறையப் படங்களில் பாடினார். ஏழாவது சீசனில் பாடிய சிவாங்கி சமையல் நிகழ்ச்சியில்தான் வீடுவீடாகத் தெரிந்தார். ஸ்டுடியோவில் வேறு திறமை வேண்டும்: புதிய மெட்டை அரை மணியில் உள்வாங்கி, கேட்டே இராத பாட்டை முதல் ஆளாகப் பாடுவது. போட்டி முழுக்க ஏற்கெனவே ஒருவர் பாடிய பாட்டை அவரைப் போலப் பாடத்தான் பழக்குகிறது. கச்சேரி வருமானம் மட்டும் உடனே கூடும், இரண்டு மூன்று வருடத்துக்கு.

தோத்துட்டு வந்தவளை எப்படித் தேத்துறது? ரூமை விட்டே வரமாட்டேங்கிறா.

முதல் வாரம் யாரையும் வீட்டுக்கு விடாதீர்கள், முக்கியமாக "உனக்கு அநியாயம் பண்ணிட்டாங்க" என்று சொல்ல வருகிறவர்களை. அவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள், பிள்ளை அதையே பிடித்துக்கொள்ளும். போனை வாங்கி வைத்து, கமெண்ட் படிப்பதை நிறுத்துங்கள். பள்ளிக்கு அனுப்புங்கள். நான்கு மாதப் பாடம் பாக்கி இருக்கும், அந்தக் கவலையே பாதி மருந்து. என்னிடம் அனுப்பினால் முதல் நாள் பாடச் சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்ருதி பிடிக்கச் சொல்லிக் கொடுக்க உட்கார வைப்பேன்.

உங்க ஸ்டூடன்ட் இப்ப பாடிட்டு இருக்காளே, ரிசல்ட் உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? எங்க வீட்டுக்கு மட்டும் சொல்லுங்களேன் மாஸ்டர்?

தெரியும். அக்ரிமென்ட் பற்றிய பதிலின் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.